மொட்டை மலைக்கு மரம் வேண்டாம்

அவலாஞ்சிக்குப் போய்த் திரும்பும் சென்னைக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வருத்தப்படுகிறார்கள். ஏரி அழகாக இருந்தது, குளிர் சுகமாக இருந்தது, ஆனால் மேலே மலையெல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது, புல்கூடக் காய்ந்துவிட்டது, யாராவது நாலு மரம் வைக்கக் கூடாதா என்கிறார்கள். ராயப்பேட்டையில் எங்கள் தெருவிலும் இதே பேச்சுத்தான். குடியிருப்போர் சேர்ந்து பணம் திரட்டி நீலகிரியில் மரக்கன்று நட அனுப்பலாம் என்று ஒரு யோசனையும் கிளம்பியிருக்கிறது. நல்ல மனதில் பிறந்த யோசனை. அதனாலேயே அதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. நீலகிரியின் புல்வெளியைக் கெட்ட எண்ணத்தோடு அழித்தவர்கள் மிகக் குறைவு. மலைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பி அழித்தவர்களே அதிகம்.

அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து, முக்குர்த்தி நீர்த்தேக்கங்களைச் சுற்றி ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் விரிந்து கிடக்கும் புல்வெளி, எதையும் பறிகொடுத்துவிட்டு நிற்கும் நிலமல்ல. அங்கே காடு இருக்க வேண்டிய இடத்தில் காடு இருக்கிறது. மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் குழிவுகளில் கரும்பச்சையாக அடர்ந்திருக்கும் சோலைகள்தான் அந்தக் காடு. சரிவிலும் முகட்டிலும் புல். இரண்டும் சேர்ந்ததே அந்த மலை. புல் நிற்கும் இடத்தில் மரத்தை வைத்தால் மலை செழிக்காது. ஓடை மெலியும், வரையாடு இடம்பெயரும், நாம் ஆசையாகப் பார்க்கப் போகும் அந்த ஏரிகளுக்கு வரும் தண்ணீரே குறையும். இது என் உணர்ச்சி அல்ல, அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு அந்தக் கணக்குக்கு வருகிறேன்.

மே மாதம் மலர்க்காட்சிக்குப் போகிறவர்களுக்கு இந்த மலை புரியாது. போக வேண்டிய காலம் தை. ஆனால் நினைத்தபடி ஏறிவிட முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குக் கடும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போகும் வழி அவற்றில் ஒன்று. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம். கோடையில் தீ அபாயம் தொடங்குவதற்கு முன் நடப்பது நல்லது.

விடியற்காலையில் ஏரியை ஒட்டிய பள்ளங்களில் புல் வெள்ளையாக இருக்கிறது. உறைபனி. செருப்புக்கடியில் நொறுங்குகிறது. நீர்மட்டம் இறங்கியிருப்பதால் ஏரியைச் சுற்றிச் செம்மண் பட்டை தெரிகிறது. ஏறத் தொடங்கினால் ஒரு பகுதி சீகை (வாட்டில்) மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே போகிறது. நிழல் இருக்கிறது, நகரத்து மனதுக்கு அது காடு போலவே தோன்றுகிறது, ஆனால் தரையில் சருகைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. பிறகு சோலை. அங்கே பாசி படர்ந்த குட்டையான மரங்கள், ஈரம், பறவைக் குரல். அதைத் தாண்டியதும் வானம் திறந்துகொள்கிறது, முகடு முகடாகப் பழுப்புப் புல். நம் ஊர்க்காரர்கள் வருத்தப்படும் இடம் இதுதான். ஆனால் அந்தப் பழுப்புச் சரிவின் அடிக்குப் போய்ப் பாருங்கள். பெருமழை நின்று வாரக்கணக்கு ஆகியிருக்கும், இருந்தும் பள்ளத்துச் சதுப்பில் கால் புதைகிறது. அதிலிருந்து கசியும் நீர் ஒரு விரல் அகல ஓடையாகி, இன்னொன்றோடு சேர்ந்து, சோலைக்குள் புகுந்து, கீழே ஏரிக்குப் போகிறது.

பழுப்பும் அந்தக் கசிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மார்கழியிலும் தையிலும் உறைபனி விழுந்ததும் புல் தன் தாளை உலர விட்டு வேரோடு ஒடுங்கிவிடுகிறது. இலை உலர்ந்த புல் தண்ணீர் குடிப்பதில்லை. மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய நீர் அப்படியே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்கு வடிகிறது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் அப்படியல்ல. தையிலும் மாசியிலும் அவை பச்சையாகவே நிற்கின்றன. பச்சையாக நிற்பதற்கான தண்ணீரை ஆழ வேர்விட்டு, ஓடைக்குப் போக வேண்டிய நீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் பச்சையாகத் தெரிவது செழிப்பு, பழுப்பாகத் தெரிவது வறட்சி என்று நம் கண் பழகியிருக்கிறது. இந்த மலையில் அது தலைகீழ்.

புல்வெளியில் ஏன் இயல்பாகவே மரம் முளைக்கவில்லை, யாரோ வெட்டியதால்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டவில்லை. தெளிந்த இரவில் திறந்த நிலம் சூட்டை வேகமாக இழக்கிறது. குளிர்ந்த காற்று சரிவில் இறங்கித் தேங்குகிறது. சோலையின் விதானத்துக்கு உள்ளே அந்தக் குளிர் நுழைவதில்லை. ஆகவே சோலை மரத்தின் விதை வெளியே புல்லில் விழுந்து முளைத்தாலும் முதல் பனிக்காலத்தில் கருகிவிடுகிறது. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் இதை இந்த மலைகளிலேயே சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். சோலைக்கும் புல்லுக்கும் இடையிலுள்ள எல்லையை உறைபனி காக்கிறது. அந்நியச் சீகைக் கன்று மட்டும் அந்தப் பனியைத் தாங்கிக்கொண்டு எல்லையைக் கடக்கிறது. ஆஸ்திரேலியாவின் குளிர்ப்பகுதிகளிலிருந்து வந்த மரம் அது, பனி அதற்குப் புதிதல்ல. நம் நாட்டு மரங்களில் திறந்த புல்லில் தனியாக நிற்கத் துணிவது ரோடோடென்ட்ரான். பனிக்காலத்தின் முடிவில் சிவப்பாகப் பூத்து நிற்கும் அந்த ஒற்றை மரத்தைப் பார்த்தால், இங்கே எந்த மரம் எங்கே எத்தனை நிற்க வேண்டும் என்று மலை ஏற்கெனவே முடிவு செய்திருப்பது விளங்கும்.

இன்னும் அழுத்தமான சான்று சாண்டிநல்லாவின் சதுப்பில் கிடைத்தது. ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் அரசு செம்மறி ஆட்டுப் பண்ணை இருக்கும் ஊர் அது. அங்கே பள்ளங்களில் மட்காத தாவரக் கழிவு அடுக்கடுக்காகப் படிந்து கரி மண்ணாகக் கிடக்கிறது. வெப்பநிலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) உள்வாங்கும் வழி வேறு வேறு. அந்த வேறுபாடு கரி அணுக்களின் எடையில் பதிந்துவிடும். சென்னையில் பிறந்த சூழலியலாளர் இராமன் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தக் கரி மண்ணை அடுக்கு அடுக்காகப் படித்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகம் கடும் பனியுகத்தில் இருந்த சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மலையில் புல்லே ஓங்கியிருந்தது. பிறகு மழை கூடிய காலங்களில் மரம் முன்னேறியிருக்கிறது, வறண்ட காலங்களில் புல் முன்னேறியிருக்கிறது. உழவன் கோடரியோடு வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது. காட்டை அழித்ததால் உண்டான பொட்டல் என்ற கதைக்கு இதற்குப் பிறகு இடமில்லை.

சரி, மழைக்காவது மரம் வேண்டாமா? “மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்” என்று நம் பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். சமவெளியில் ஓர் ஊருக்கு மரம் தரும் நன்மைகள் பல. ஆனால் நீலகிரியின் மேற்கு விளிம்புக்கு மழை தருவது அங்கே நிற்கும் மரமல்ல. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று அந்தச் சுவரில் மோதி மேலேறும்போது குளிர்ந்து கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நுங்கம்பாக்கத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். தமிழ்நாட்டில் அதிக மழை வாங்கும் இடங்களில் பல இந்தப் புல்முகடுகள்தாம். அங்கே மழையை வரவழைக்க யாரும் எதையும் நட வேண்டியதில்லை. வந்த மழையை மண்ணில் நிறுத்தி, மழையில்லாத மாதங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலைதான் அங்கே முக்கியம். அந்த வேலையில் புல்லை மரம் மிஞ்சுமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஊட்டிக்குப் பக்கத்திலேயே விடை கண்டார்கள். மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் புல்லும் சோலையும் சதுப்பும் கலந்தவை. 1968 முதல் இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரை அளந்து, இரண்டுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுக்கொண்டார்கள். 1972இல் ஒன்றில் மட்டும், அதன் பரப்பில் 59 விழுக்காட்டில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைத் தொடவில்லை. பத்து ஆண்டுகள் அளந்தபோது, மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த ஆண்டு நீர் 16 விழுக்காடு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி அடியிலிருந்து மறுபடி துளிர்க்க விட்ட இரண்டாவது சுற்றில் இழப்பு கால் பங்கை எட்டியது. அதிலும் மிகவும் அடிபட்டது வறண்ட மாதங்களின் ஓட்டம். தண்ணீர் எப்போது அருமையோ அப்போதுதான் மரம் அதிகம் எடுத்துக்கொண்டது. அரசு தோப்பு போடச் சொன்ன காலத்திலேயே அரசின் இன்னோர் அமைப்பு பொறுமையாக அளந்து கண்ட எண்கள் இவை. யாரும் இவற்றை மறுத்ததாக நான் படித்ததில்லை. ஆனால் இந்த எண்கள் பள்ளிச் சுவர்களுக்கு வந்து சேரவில்லை.

நீர்த்தேக்கங்களை வைத்து யோசித்தால் இந்தப் பிழையின் அளவு புரியும். பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. குந்தா திட்டம் கனடாவின் கொழும்புத் திட்ட உதவியோடு வந்தது, அதன் முதல் மின்நிலையங்கள் 1960இல் உற்பத்தியைத் தொடங்கின. மேல்பவானியின் நீர் அவலாஞ்சிக்கு வருகிறது, அவலாஞ்சி–எமரால்டின் நீர் குந்தாவின் மின்நிலையங்கள் வழியே படிப்படியாக இறங்கிப் பில்லூருக்குப் போகிறது. பில்லூரிலிருந்து கோயம்புத்தூர் குடிக்கிறது. அதற்கும் கீழே பவானிசாகரில் ஈரோட்டு வயல்கள் காத்திருக்கின்றன. அணைகள் கட்டிய அதே இருபது முப்பது ஆண்டுகளில்தான் அணைகளின் நீர்ப்பிடிப்பு மலைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். ஒரு கை தண்ணீருக்கு அணை கட்டியது, மறு கை அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மரத்தை மேலே நட்டது. அணைகளையும் நான் குற்றமற்றவை என்று சொல்லவில்லை. நாம் சுற்றி நடக்கும் அந்த நீலப் பரப்புக்கு அடியில் அகன்ற பள்ளத்தாக்குகளும் சதுப்புகளும் மூழ்கிக் கிடக்கின்றன. மூழ்கியது மூழ்கிவிட்டது. அதற்கு விலையாகக் கிடைத்த தண்ணீரையாவது காப்பாற்ற வேண்டாமா?

ஏன் நட்டார்கள்? 1819இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் மேலே போன பிறகு வந்த வெள்ளையர்கள் அந்தப் புல்வெளிகளில் தங்கள் ஊர் மேடுகளைக் கண்டு மகிழ்ந்தார்கள், குதிரையில் வேட்டையாடினார்கள். ஊர் பெருத்ததும் குளிருக்கு விறகு தேவைப்பட்டது. சோலையை வெட்டித் தீர்க்காமல் இருக்க ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்து புல்லில் வைத்தார்கள். அவர்கள் கணக்கில் புல் வரி தராத வெற்று நிலம், எருமை மேய்க்கும் தோடர் பழங்குடியினருக்கு அதில் உரிமை சொற்பம். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறவில்லை, தேவைதான் மாறியது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட ஆவாரம்பட்டை போதவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சீகைப்பட்டை இறக்குமதியாயிற்று. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த இங்கேயே சீகை போடலாம் என்றார்கள். சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்ததும் கூழுக்கு மரம் வேண்டியிருந்தது. ஏழை நாடு ஒன்று எடுத்த முடிவுகள் அவை. அன்றைய நிலையில் நான் அவர்களைப் பழிக்கமாட்டேன். 1980களின் இறுதியில் வனத்துறை இந்த நடவை நிறுத்தவும் செய்தது. ஆனால் நடவு நின்றாலும் சீகை நிற்கவில்லை. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும், ஒரு தீ வந்தால் ஒரேயடியாக முளைக்கும். பழனி மலைகளில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பைன் தோப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் குறிஞ்சி பூத்த சரிவு.

மரமில்லாத மேட்டு நிலத்தைக் குறையாகப் பார்ப்பது நம் நோய் மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் வடக்கில் ஃப்ளோ கன்ட்ரி என்ற பெரும் சதுப்பு மேடு இருக்கிறது. குளிர்காலத்தில் அவலாஞ்சி போலவே பழுப்பாகக் கிடக்கும். 1970களிலும் 80களிலும் வரிச்சலுகைக்கு ஆசைப்பட்ட பணக்காரர்கள் அங்கே வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்து ஊசியிலை மரங்களை நட்டார்கள். 1988இல் பிரிட்டன் அந்தச் சலுகையை நீக்கியது. அதன் பிறகு அதே மரங்களைப் பணம் செலவழித்து வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, சதுப்பை மீட்டார்கள். 2024இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தென்னாப்பிரிக்கா 1995இல் நீருக்காக உழைப்போம் என்ற பொருளில் பெயர் வைத்து ஓர் அரசுத் திட்டம் தொடங்கியது. மலைகளில் பரவிய சீகையையும் பைனையும் வெட்டி அகற்றுவது வேலை, வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி, அணைகளுக்குத் தண்ணீர். நமக்கு முன்னால் அதே தவறைச் செய்தவர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கும் வழியில் நாம் இன்னும் கன்றுகளைச் சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருக்கிறோம்.

நம் அரசு ஆவணங்களில் முரண்பாடு வெளிப்படையாகவே இருக்கிறது. 1988 தேசிய வனக் கொள்கை நாட்டில் மூன்றில் ஒரு பங்கும் மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கும் காடோ மரமோ இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 விழுக்காடாக்க விரும்புகிறது. அதே ஆண்டில் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கும் கொள்கையையும், வரையாட்டைக் காக்கும் திட்டத்தையும் வெளியிட்டது. இரண்டு நோக்கங்களும் ஒரே மலையில் மோதும். எப்படி என்றால், இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மர விதானம் தெரிந்தால் அதைக் காட்டுப்பரப்பில் சேர்க்கிறது. எந்த மரம் என்று அது கேட்பதில்லை. கற்பூரத் தோப்பும் அதில் காடு, சீகை மண்டிய சரிவும் காடு. புல்வெளி எதுவுமில்லை. ஒரு வனச்சரகர் வியர்வை சிந்திச் சீகையை அகற்றிப் புல்லை மீட்டால் அறிக்கையில் அவருடைய மாவட்டம் காட்டை இழந்ததாகத்தான் பதிவாகும். இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை நல்ல கொள்கை எழுதினாலும் களத்தில் அது தோற்கும். ஒன்றிய அரசின் பசுமைக் கடன் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கு முறையில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. அந்த அடர்த்தியில் மரம் வைத்தால் எந்தப் புல்வெளியும் பிழைக்காது.

சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமான செய்தி இல்லை. பள்ளிக்கரணையை நாம் எதற்கும் உதவாத நிலமாகத்தான் பார்த்தோம். பெருங்குடியில் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் எழுப்பினோம். வெள்ளம் வந்து வீட்டுக்குள் நின்ற பிறகுதான் அது தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் இடம் என்று உறைத்தது. 2022இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. சதுப்புக்கு அந்த மரியாதை கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின. மலைமேல் இருக்கும் புல்லுக்கு அதே மரியாதை எப்போது?

கரியைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மரம் காற்றிலுள்ள கரியைத் தண்டில் சேமிக்கிறது, உண்மை. மலைப்புல்வெளி அதை மண்ணுக்கு அடியில், வேரிலும் கரி மண்ணிலும் சேமிக்கிறது. சாண்டிநல்லாவில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து கிடப்பது அதுதான். ஒரு தீயில் கற்பூரத் தோப்பின் சேமிப்பு புகையாகப் போய்விடும், புல்லின் சேமிப்பில் மேல்தாள் மட்டுமே போகும். அடுத்த மழையில் அது திரும்பி வரும். சதுப்பு உலர்ந்தால்தான் அந்தப் பழைய கரி வெளியேறும். சதுப்பை உலர்த்துவது எந்த மரங்கள் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் முளைத்து, சில இடங்களில் சோலைக் கன்றுகள் அடர்ந்து வருகின்றன. உறைபனியிலிருந்து அந்நிய மரமே அவற்றைக் காக்கிறது. அங்கே ரம்பத்தைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் மொத்தமாகச் சாய்த்தால் வெளிச்சம் பட்டுச் சீகை விதைதான் முதலில் எழும், சோலைக் கன்றும் போகும். ஆகவே அத்தகைய தோப்புகளைத் தொடாமல் விடலாம், அவை தாமாகச் சோலையாகட்டும். ஆனால் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு திறந்த புல்வெளியில் இப்போது பரவும் இளஞ்சீகையையும் விட்டுவைக்கச் சொல்வது பிழை. அங்கே சோலை வராது, புல்தான் போகும். உயர் நீதிமன்றம் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லிப் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. எங்கே முதலில் கை வைப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி. என் பதில், புல் இன்னும் உயிரோடிருக்கும் விளிம்புகளில்.

அந்த விளிம்புகளை நம்பி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். 2024இல் தமிழ்நாட்டில் முதன்முறையாக ஒரே காலத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் தெரிந்தன. மாநில விலங்கு. 1975இல் அதைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்றைச் செய்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு தினமாகக் கொண்டாடுகிறோம். பகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பாறைக்குத் தாவும் விலங்கு அது. கண்ணுக்கெட்டிய தூரம் திறந்திருப்பதே அதன் பாதுகாப்பு. தோடர்களுக்கு அந்தப் புல் எருமையின் உணவு மட்டுமல்ல. கோயிலுக்கும் வீட்டுக்கும் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும், சதுப்பு குறையக் குறைய அதைத் தேடி வெகுதூரம் போகிறார்கள். இறந்தவரின் உயிர் முக்குர்த்திச் சிகரத்தின் வழியாக மறுவுலகம் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கள் மலையில் என்ன வளர வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு நட்ட தோப்பு அந்த மேட்டில் ஒன்றுகூட இருக்கும் என்று நான் நம்பவில்லை.

மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராயப்பேட்டைக்கு மரம் வேண்டும், அவசரமாக வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக இன்னும் நிழல் வரவில்லை. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது. அரசு மருத்துவமனை வாசலில் வெளிநோயாளிகள் காத்திருக்கும் நடைபாதையில் ஒரு புங்கையும் ஒரு வேம்பும் எவ்வளவு ஆறுதல் தரும். இங்கே வெட்டிய மரத்துக்கு ஈடாக எங்கோ ஒரு மலையில் நட்டுக் கணக்கை முடிப்பது இந்தத் தெருவுக்கும் அநியாயம், அந்த மலைக்கும் அநியாயம். மரக்கன்று வாங்கும் பணம் இங்கேயே செலவாகட்டும், வேர் இறங்க இடம் விட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளுக்குக் கூலியும் சேர்த்து.

நீலகிரிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் சீகைக்கன்று பிடுங்கும் கூலிக்கும், நாட்டுப் புல் வகைகளை நாற்றங்காலில் வளர்த்துச் சரிவில் நடும் வேலைக்கும் கொடுக்கலாம். அந்த வேலையை வனத்துறை அனுமதியோடு அந்த ஊர்க்காரர்களே செய்ய வேண்டும். சுற்றுலா போகிறவர்கள் தாமாகக் கை வைக்கும் இடமல்ல அது. பிடுங்குவதற்கும் பருவம் உண்டு. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் புரட்டாசி, ஐப்பசியில் முழங்கால் உயரக் கன்று வேரோடு வந்துவிடும். தையில் மண் இறுகிவிடும், இழுத்தால் தண்டு முறியும், உள்ளே நிற்கும் வேரிலிருந்து சில வகைகள் மறுபடி துளிர்க்கும். பிடுங்கிய இடத்துக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திரும்பிப் போக வேண்டும், மண்ணில் கிடக்கும் விதை தீரும்வரை.